மந்திர புஷ்பமும் ஒரு படகும்

பூஜை முடிகிற நேரம் உங்களுக்கும் தெரியும். தீபாராதனை ஆகிவிட்டது. எல்லார் கையிலும் இரண்டு மூன்று இதழ் பூ வந்து சேரும். அப்புறம் குருக்கள் ஒரு நீளமான மந்திரம் சொல்லுவார், ஏறி இறங்கி, கேட்கவே நல்லா இருக்கும். நாம் பூவைப் பொத்திப் பிடித்துக்கொண்டு நிற்போம். சிலர் கண்ணை மூடியிருப்பார்கள். சிலர் (நான்தான்) இன்றைக்கு அன்னதானத்தில் என்ன என்று யோசித்துக்கொண்டிருப்பார்கள். மந்திரம் முடிந்ததும் பூவைத் தட்டில் வாங்கிப்போய் சுவாமி பாதத்தில் சேர்ப்பார்கள். அதுதான் மந்திர புஷ்பம்.

இதை நூறு தடவைக்கு மேல் கேட்டிருப்பேன். எதைப் பற்றிய மந்திரம் என்று யாராவது கேட்டிருந்தால், "பூவைப் பத்தி" என்று தைரியமாகச் சொல்லியிருப்பேன். பேரிலேயே புஷ்பம் இருக்கே!

அது தண்ணீரைப் பற்றியது. முழுக்க முழுக்கத் தண்ணீர்.

எங்கள் படிப்பு வட்டத்தில் இரண்டு வகுப்பு இதற்கே போனது. கிருஷ்ண யஜுர் வேதத்தில் தைத்திரீய ஆரண்யகம் என்று ஒரு பகுதி. அதன் முதல் பிரச்னத்தில், அதாவது முதல் அத்தியாயத்தில், 22-ஆவது அனுவாகத்திலிருந்து வருகிறது நாம் கேட்கிற அந்த மந்திரம். கோயிலில் அதற்கு முன்னும் பின்னும் வேறு மந்திரங்களைச் சேர்த்துச் சொல்வதும் உண்டு. நடுவில் இருக்கிற கட்டுமானம் ரொம்ப எளிமை. தண்ணீருக்கு மலராக நிலவைச் சொல்லி ஆரம்பிக்கும். பிறகு ஒவ்வொன்றாக எடுக்கும்: நெருப்பு, காற்று, சூரியன், நிலவு, நட்சத்திரங்கள், மழைமேகம், ஆண்டு. ஒவ்வொன்றும் தண்ணீருக்கு 'ஆயதனம்' என்கிறது. உடனே திருப்பிப் போட்டு, தண்ணீர்தான் அதற்கு ஆயதனம் என்கிறது. ஆயதனம் என்றால் இருப்பிடம், தாங்கி நிற்கிற இடம். இதை அறிகிறவன் தானும் இருப்பிடம் உடையவன் ஆகிறான். இப்படியே ஏழு சுற்று.

மேகம் வந்ததும் நான் கையைத் தூக்கிவிட்டேன். "அக்கா, இது ஹைட்ராலஜிக்கல் சைக்கிள்! சூரியன் சுடுது, தண்ணி ஆவியாகுது, மேகம், மழை, அப்புறம் ஆண்டுன்னா பருவம். நம்ம முன்னோர்கள் அப்பவே..."

அக்கா சிரித்தார். வகுப்பு நடத்துகிற இந்த அக்கா ஒரு பள்ளி ஆசிரியை, சிரித்தால் ஆபத்து. "அப்படின்னா நட்சத்திரம் எந்த ஸ்டெப்ல வருது? நெருப்பு எங்க வருது? உன் டயகிராம்ல வரைஞ்சு காட்டு பார்ப்போம்."

வரைய முடியவில்லை.

"உனக்குப் பிடிச்ச மூணை எடுத்துக்கிட்டு மீதி நாலை விட்டுட்டா அது படிப்பு இல்ல, தம்பி. இது தண்ணி எப்படி மேல போகுதுன்னு சொல்ல வரல. எது எதைத் தாங்குதுன்னு சொல்லுது. மேகம் தண்ணியத் தாங்குது, தண்ணி மேகத்தைத் தாங்குது. யாரு மேல, யாரு கீழன்னு கிடையாது."

இதை இங்கே எழுதுவதற்குக் காரணம் உண்டு. 'நம் முன்னோர்கள் அப்போதே கண்டுபிடித்தார்கள்' என்று சொல்லிவிட்டால் நமக்கு வேலை முடிந்துவிடுகிறது. கைத்தட்டலும் கிடைக்கும். அதற்கப்புறம் அந்த மந்திரத்தை நாம் படிக்கவே மாட்டோம். நான் அப்படித்தான் இருந்தேன்.

ஏழு சுற்றும் முடிந்த பிறகு மந்திரத்தின் கடைசியில் ஒரு படகு வருகிறது. தண்ணீரில் நிலைபெற்று நிற்கிற படகு. அதை அறிந்தவன் தானும் நிலைபெறுகிறான் என்பது கருத்து. "இதுக்கு மண்டபம் வேண்டாம்," என்றார் அக்கா. "அடுத்த சனிக்கிழமை சிங்கப்பூர் ஆறு. படகுலயே படிப்போம்."

மொத்தம் பதினொரு பேர். பாதிப் பேர் படகுச் சவாரிக்காக வந்தவர்கள் என்பதை மறைப்பானேன்?

காலையில் சவுத் பிரிட்ஜ் ரோடு ஸ்ரீ மாரியம்மன் கோயிலில் கூடினோம். அம்மனைக் கும்பிட்டுவிட்டு நேரே ஆற்றுக்குப் போகாமல், அக்கா எங்களை எதிர்த்திசையில் தெலுக் ஆயர் தெருவுக்கு நடத்திக்கொண்டு போனார். சைனாடவுனுக்கும் உயரமான அலுவலகக் கட்டடங்களுக்கும் நடுவில் இருக்கிற தெரு. ஒரு காலத்தில் இதுதான் கடற்கரை. 1830 வாக்கில் எழும்பிய நாகூர் தர்காவும், 1840 வாக்கில் எழும்பிய தியான் ஹோக் கெங் சீனக் கோயிலும் இன்னும் அங்கே பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. கடலைக் கடந்து வந்தவர்கள் கரை இறங்கியதும் நன்றி சொன்ன இடங்கள்.

"நம்ம மாரியம்மன் கோயிலும் இந்தத் தெருவுலதான் வந்திருக்கணும்," என்றார் அக்கா. எங்களில் ஒருவருக்கும் இது தெரியாது.

1819-இல் ராஃபிள்ஸோடு பினாங்கிலிருந்து வந்தவர் நாராயண பிள்ளை. இங்கே செங்கல் சூளை வைத்தார், கட்டடக் குத்தகை எடுத்தார், இந்தியர்களுக்கு ஒரு தலைவராகவும் ஆனார். கோயில் கட்ட இடம் கேட்டபோது, முதலில் அவருக்கு ஒதுக்கிய இடம் இந்தத் தெலுக் ஆயர் தெருவில். அவர் அதை ஏற்கவில்லை. பூஜைக்கு வேண்டிய நல்ல தண்ணீர் அருகில் இல்லை என்பதே காரணம். கடல் காலடியில் இருக்கிறது, ஆனால் உப்பு. அபிஷேகத்துக்கு, நைவேத்தியம் சமைக்க, பாத்திரம் கழுவ நல்ல தண்ணீர் எங்கே? அடுத்து ஸ்டாம்ஃபர்டு கால்வாய்ப் பக்கம் ஓர் இடம் கிடைத்தது. அங்கே தண்ணீர் உண்டு. ஆனால் நகரத் திட்டம் மாறியதால் அதுவும் கைக்கு வரவில்லை. கடைசியில் 1823-இல் சவுத் பிரிட்ஜ் ரோட்டு இடம். 1827-இல் மரமும் அத்தாப்புமாக முதல் கோயில் எழுந்தது.

திருக்குறளில் கடவுள் வாழ்த்துக்கு அடுத்த அதிகாரமே வான்சிறப்பு. மழை பொய்த்தால் வானவர்க்கும் பூஜை இல்லை, திருவிழாவும் இல்லை என்கிறார் வள்ளுவர். ஓ லெவலுக்காக அதை மனப்பாடம் செய்திருக்கிறேன். ஆனால் ஒரு மனிதர் கையில் நிலம் கிடைத்தும், 'தண்ணி இல்ல, வேண்டாம்' என்று சொன்ன தெருவில் நின்றபோதுதான் அது உறைத்தது. தண்ணீர் இல்லாத இடத்தில் அம்மனுக்கும் ஆயதனம் இல்லை.

மதியம் சாப்பாடு. அதை விரிவாக எழுத ஆசைதான், பக்கம் போதாது.

சாயங்காலம் ஐந்து மணிக்கு கிளார்க் கீயில் படகு ஏறினோம். பழைய சரக்குப் படகு வடிவம், முகப்பில் வரைந்த இரண்டு கண்கள். நாற்பது நிமிடச் சவாரி. எங்களோடு கோயில் தொண்டூழியர் ஒருவர், நாங்கள் எல்லாரும் 'அங்கிள்' என்று கூப்பிடுபவர், வந்திருந்தார். அவருடைய அப்பா போட் கீயில் ஒரு கிடங்குக்கு ஜாகாவாக இருந்தவர். எழுபதுகளில் சிறுவனாக அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுவருவாராம்.

"பாலத்துக்கு இந்தப் பக்கம் வரும்போதே மூக்கைப் பிடிச்சுக்குவேன்," என்றார். "தண்ணி கறுப்பா இருக்கும். கறுப்புன்னா கோப்பி-ஓ மாதிரி. செத்த எலி, காய்கறிக் கழிவு, எண்ணெய், நரகல் எல்லாம் மிதக்கும். தண்ணி வத்தும்போது சேறு தெரியும் பாருங்க, அப்போதான் நாத்தம் தூக்கி அடிக்கும்."

கேவனா பாலத்தை நெருங்கியபோது, கையை நீட்டினால் தொடலாம் போல் அது தாழ்வாக இருந்தது. 1869-இல் கட்டிய பாலம். கடல் பெருகியிருக்கும்போது சரக்குப் படகுகள் இதன் அடியில் நுழைய முடியாமல் தண்ணீர் வடியும் வரைக்கும் காத்துக் கிடக்குமாம். அந்தப் படகுகளைத் தொடக்க காலத்தில் ஓட்டியவர்களில் பெரும்பாலோர் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியாக்கள், நம் தமிழ் முஸ்லிம்கள். பிறகுதான் அந்தத் தொழில் சீனர்கள் கைக்குப் போனது. போட் கீக்குப் பின்னால் சூலியா ஸ்திரீட் என்று பெயர்ப்பலகை பார்க்கிறோமே, அந்தச் சூலியாதான்.

"இப்ப ஏன் அங்கிள் தண்ணி ஏறி இறங்க மாட்டேங்குது?" என்று பாலிடெக்னிக்கில் படிக்கிற தம்பி ஒருவன் கேட்டான். நல்ல கேள்வி. அங்கிள் என்னைப் பார்த்தார். "எஞ்ஜினியரு, சொல்லுங்க."

"முன்னாடி அணை கட்டிட்டாங்க. மரினா பராஜ். இது இப்போ ஆறு மாதிரி தெரியுற நீர்த்தேக்கம்," என்றேன். மீதியைப் பிறகு சொல்லலாம் என்று அக்கா கை காட்டினார். படகு விரிகுடாவுக்குள் நுழைந்துகொண்டிருந்தது. மெர்லயன் ஒரு பக்கம், எஸ்பிளனேட் ஒரு பக்கம். படிக்க வேண்டிய இடம் இதுதான்.

எல்லாருமாக மந்திரத்தைச் சொன்னோம். நாங்கள் நல்லாச் சொன்னோம் என்று பொய் சொல்ல மாட்டேன், ஸ்வரம் பல இடத்தில் கவிழ்ந்தது. ஆனால் கடைசிப் படகு வரி வந்தபோது நிஜப் படகு காலடியில் லேசாக ஆடியது. யாரும் சிரிக்கவில்லை.

அந்த நேரத்தில்தான் அந்தத் தம்பி பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தான். காலையில் கோயில் வாசலில் வாங்கிய உதிரிப்பூ, ஒரு சின்ன பாக்கெட் பால். மந்திர புஷ்பம் ஆயிற்று, கங்கா மாதாவுக்குச் சமர்ப்பிக்கப் போகிறான். படகின் ஓரத்துக்கு எழுந்து போனான்.

நான் "டேய்!" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே. படகில் இருந்த சுற்றுப்பயணிகள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவன் முகம் சுருங்கிவிட்டது. "ஏன்? கங்கை அழுக்காகுமா? கங்கையே நம்ம பாவத்தைக் கழுவுறவ. ரெண்டு பூ போட்டா என்ன?" அவன் கேட்டதில் தப்பு இல்லை. நம் வீடுகளில் எல்லாரும் சொல்லித் தந்தது அதுதானே? எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. 'ஃபைன் போடுவாங்க' என்று மட்டும் சொல்ல வந்தது. சமயக் கேள்விக்கு அது பதிலா?

அக்கா அவனை உட்கார வைத்தார். "பூ உன் கையிலயே இருக்கட்டும். இப்போ ஒண்ணு சொல்லு. வீட்டுல கலசம் வைக்கிறப்போ அதுக்குள்ள யாரைக் கூப்பிடுறோம்?"

"கங்கா, யமுனா, கோதாவரி, சரஸ்வதி, நர்மதா, சிந்து, காவேரி."

"கலசத்துல ஊத்தின தண்ணி எங்கேருந்து வந்தது?"

"குழாய்லேருந்து."

"குழாய்க்கு எங்கேருந்து வந்தது?"

தம்பி குனிந்து படகுக்கு வெளியே பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது. எனக்கும் அப்போதுதான் புரிந்தது. அந்தத் தண்ணீரைப் பற்றி அசைன்மென்ட் எழுதி மதிப்பெண் வாங்கிய எனக்கு!

கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். 1977-இல் அப்போதைய பிரதமர் லீ குவான் இயூ ஓர் இலக்கு வைத்தார்: பத்து ஆண்டில் சிங்கப்பூர் ஆற்றிலும் காலாங் ஆற்றிலும் மீன் பிடிக்க முடிய வேண்டும். ஆற்றை மட்டும் கழுவி அதைச் செய்ய முடியாது, ஏனென்றால் அழுக்கு ஆற்றில் பிறக்கவில்லை. சுமார் 26,000 குடும்பங்கள் கழிவுநீர்க் குழாய் உள்ள வீடுகளுக்கு மாறின. அறுநூறுக்கு மேற்பட்ட பன்றிப் பண்ணைகள் அகன்றன. ஏறக்குறைய 5,000 தெருக்கடைக்காரர்கள் உணவங்காடிகளுக்குள் போனார்கள். 1983-இல் சரக்குப் படகுகள் பாசிர் பாஞ்சாங்கிற்கு அனுப்பப்பட்டன. ஆற்றின் அடியிலிருந்த சேற்றையும் தோண்டி எடுத்தார்கள். 1987-இல் வேலை முடிந்தது. மக்களுக்குத் தந்த இழப்பீடு சேராமலே ஏறத்தாழ 17 கோடி வெள்ளி செலவு. இந்தக் கணக்கைக் கேட்ட அங்கிள், "படகுக்காரங்க சந்தோஷமாப் போகல, தெரியுமா? அதையும் எழுது," என்றார். எழுதிவிட்டேன்.

அதற்கு மேல் இருபது ஆண்டு கழித்து 2008-இல் மரினா பராஜ் திறந்தது. கடலும் விரிகுடாவும் சேரும் 350 மீட்டர் அகல வாயில் ஒன்பது எஃகுக் கதவுகள். உள்ளே இருந்த உப்பு நீர் மழையால் கொஞ்சம் கொஞ்சமாக நல்ல நீராக மாறி, 2010-இல் அது முழு நீர்த்தேக்கமானது. 10,000 ஹெக்டர், அதாவது சிங்கப்பூர் நிலத்தில் ஆறில் ஒரு பங்கு, அதன் நீர்ப்பிடிப்புப் பகுதி. சிங்கப்பூர் ஆறு, காலாங், ரோச்சோர், கேலாங் எல்லாம் அதில்தான் வந்து சேர்கின்றன. நாராயண பிள்ளைக்குக் கைநழுவிய அந்த ஸ்டாம்ஃபர்டு கால்வாயும்கூட.

நாம் அடிக்கடி குழப்பிக்கொள்கிற ஒன்று இருக்கிறது. சிங்கப்பூரில் தண்ணீர் போகிற வழி இரண்டு. குளியலறை, சமையலறை, கழிவறைத் தண்ணீர் கழிவுநீர்க் குழாய் வழியாகச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. மழைநீர் வேறு வழி: புளோக்குக்குக் கீழே திறந்த வாய்க்கால், அங்கிருந்து கால்வாய், அங்கிருந்து நீர்த்தேக்கம். வாய்க்காலில் நாம் போடுவது எதுவும் முதலில் கழிவுநீர் நிலையத்துக்குப் போவதில்லை. பெரும்பாலும் நேராகத் தேக்கத்துக்குத்தான்.

தேக்கத்து நீர் சுத்திகரிப்பாகி, ஜோகூர் நீரோடும் நியூவாட்டரோடும் கடல்நீரைச் சுத்திகரித்த நீரோடும் சேர்ந்து நம் தேவைக்கு வருகிறது. எந்தத் துளி எங்கே பெய்தது என்று யாராலும் பிரிக்க முடியாது. மாரியம்மன் கோயில் கோபுரத்தில் விழுகிற மழைத்துளி வாய்க்காலில் ஓடி, இந்த ஆற்றில் கலந்து, என்றாவது ஒரு நாள் குழாய் வழியாக அதே அம்மனுக்கு அபிஷேகமாகப் போகலாம். அன்று தண்ணீர் இல்லை என்று ஒதுக்கிய தெருவிலிருந்து இந்தத் தேக்கம் கூப்பிடு தூரம்.

"அப்போ நான் போட இருந்த பால், அம்மன் கலசத்துக்கே திரும்பி வந்திருக்கும்," என்றான் தம்பி மெதுவாக.

படகு இறங்கி, மரினா பராஜுக்கே போனோம். புல்வெளிக் கூரையில் பட்டம் விடுகிற குடும்பங்களுக்கு நடுவில் வட்டமாக உட்கார்ந்தோம். கீழே ஏழு ராட்சத பம்புகள். அடைமழையும் கடல் பெருக்கும் ஒரே நேரத்தில் வந்தால், கதவைத் திறக்க முடியாது. கடல் உள்ளே வந்துவிடும். அப்போது நீரை இறைத்து வெளியே தள்ள அவை. ஒவ்வொன்றும் விநாடிக்கு 40 கன மீட்டர். என் துறை இது, இன்னும் பேசியிருப்பேன். அக்கா விடவில்லை. "பால் கணக்கு சொல்லு."

சொன்னேன். நம் ஊர் வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீரில் கரைந்திருக்கக்கூடிய ஆக்ஸிஜன் ஏறத்தாழ 7.5 மில்லிகிராம். மீன் உயிர் வாழ்வது அதில். பால், பூ, சோறு எது விழுந்தாலும் நுண்ணுயிர்கள் அதைத் தின்னும், தின்ன ஆக்ஸிஜன் எடுக்கும். பால் ரொம்பச் சத்தானது, அதனால் ரொம்ப எடுக்கும். ஒரு லிட்டர் பாலைச் சிதைக்க ஏறத்தாழ ஒரு லட்சம் மில்லிகிராம் ஆக்ஸிஜன் வேண்டும். வகுத்துப் பாருங்கள்: சுமார் 13,000 லிட்டர் தண்ணீரில் உள்ள மொத்த ஆக்ஸிஜனும் போய்விடும். ஓடுகிற நீரில் காற்றிலிருந்து மறுபடி கரையும், அதனால் ஒரு பாக்கெட்டில் ஆறு செத்துவிடாது. ஆனால் ஒரு பாக்கெட்டோடு நின்றால்தானே? அங்கிள் பார்த்த கறுப்புத் தண்ணீர் இப்படி ஆக்ஸிஜன் தீர்ந்துபோன தண்ணீர்தான்.

"இது உன் சயின்ஸ். சமயம் என்ன சொல்லுது?" என்று தம்பி விடாமல் கேட்டான். அவன் அப்படிக் கேட்டது எனக்குப் பிடித்தது.

அக்கா அதே புத்தகத்தைத் திறந்தார். அதே தைத்திரீய ஆரண்யகம், அதே முதல் பிரச்னம். மந்திர புஷ்பத்துக்கு நாலே அனுவாகம் தள்ளி, 26-ஆவது. தண்ணீரையே செங்கல்லாக வைத்து அமைக்கிற ஒரு வேள்வியைச் செய்பவனுக்கு உரிய விரதங்கள் அங்கே வருகின்றன. தண்ணீரில் மலஜலம் கழிக்கக்கூடாது. எச்சில் துப்பக்கூடாது. ஆடையில்லாமல் நீராடக்கூடாது. காரணமும் சொல்கிறது: அந்த நீருக்குள் அக்னி மறைந்திருக்கிறான்.

"அவங்க பி.ஓ.டி. அளந்து இதைச் சொல்லல," என்று என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார். "தண்ணிக்குள்ள தெய்வம் உட்கார்ந்திருக்கு, அங்க எப்படி நடந்துக்கணும்னு சொல்றாங்க. கங்கை புனிதம், அதனால எதைப் போட்டாலும் தாங்கும்னு நாம பேசுறோம். இங்க அப்படியே தலைகீழா இருக்கு. புனிதம், அதனால எதையும் போடாதே. மேல ஏழு தடவை என்ன படிச்சோம்? தண்ணி உன்னைத் தாங்குது. அப்போ நீ?"

புனிதமும் சுத்தமும் ஒன்றா என்று அதற்கப்புறம் அரை மணி நேரம் வாதம் நடந்தது. ஒரு தங்கை இரண்டும் வேறு வேறு என்றாள். கங்கைக்கரையில் நிற்கிற ஒருவருக்கு ஆற்றின் அழுக்கும் கண்ணில் படும், கண்ணீரும் வரும், இரண்டும் உண்மைதான் என்றாள். நான் ஒத்துக்கொண்டேன். புனிதத்தை அளக்க என்னிடம் கருவி இல்லை. ஆனால் புனிதம் என்று நம்புகிறவனுக்குச் சுத்தத்தில் கூடுதல் பொறுப்பு, குறைவு இல்லை என்பதில் எல்லாரும் ஒரே பக்கம் வந்தோம்.

படகில் நான் அவ்வளவு சத்தமாக 'டேய்' என்றதற்கு வேறு காரணம் இருந்தது. அங்கே கூரையில் உட்கார்ந்துதான் அதைச் சொன்னேன்.

இரண்டு வருஷத்துக்கு முன் எங்கள் பாட்டி தவறிவிட்டார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த ராத்திரி, பெரியப்பா ஒரு பெரிய பையை எடுத்துக்கொண்டு "வாடா" என்றார். மாலைகள், மீந்த பால், பிசைந்த சோறு, விபூதி, ஒரு சின்ன மண்சட்டி. "ஓடுற தண்ணியில விடணும்." புளோக்குக்குப் பின்னால் உள்ள கால்வாயில் நான்தான் கவிழ்த்தேன். பெரியப்பா கைகூப்பி நின்றார். நானும் கைகூப்பினேன். அப்போது நான் நீர்வள பாடம் எடுத்துக்கொண்டிருந்த முதல் செமஸ்டர்!

மறுநாள் காலை பஸ் ஸ்டாப்புக்குப் போகும்போது பாலத்திலிருந்து எட்டிப் பார்த்தேன். குப்பை பிடிக்கிற கம்பி வலையில் பாட்டியின் மாலை மாட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் கப், ஒரு செருப்பு. ஒரு தொழிலாளி நீளக் கொக்கியால் அதை இழுத்துக்கொண்டிருந்தார். பாட்டியை வழியனுப்பியதாக நினைத்தேன். அவர் மாலையை ஒருவர் குப்பையிலிருந்து பிரித்து எடுக்க விட்டிருக்கிறேன். வீட்டில் யாரிடமும் இதைச் சொல்லவில்லை.

வட்டத்தில் யாரும் எனக்கு ஆறுதல் சொல்லவில்லை, திட்டவும் இல்லை. தம்பி மட்டும் கேட்டான்: "அப்போ அவங்களுக்கு எங்க பூ போடுவீங்க?" அங்கிள் பதில் சொன்னார்: "சட்டியில இருக்கிற செடிக்குப் போடு. அதுவும் தண்ணிதான்." தம்பியின் உதிரிப்பூ அன்று அவன் பையிலேயே வீட்டுக்குத் திரும்பியது. பால் பாக்கெட்டை அக்கா வாங்கி, அடுத்த வாரம் வகுப்பில் டீ போட்டுவிட்டார்.

எங்கள் வட்டத்தில் இப்போது ஒரு வேலை ஓடிக்கொண்டிருக்கிறது. வீட்டுப் பூஜைக்கும் காரியங்களுக்கும் பிறகு எதை என்ன செய்வது என்று, குருக்களைக் கேட்டு, ஒரு பக்கத்தில் எழுதுகிறோம். மாலையில் நாரைப் பிரித்துவிட்டுப் பூவைச் செடிக்கு உரமாக்கலாம். மண்சட்டியைக் கழுவி வைத்துக்கொள்ளலாம். அஸ்தியைக் கடலில் கரைக்க, செமாக்காவ் தீவுக்குத் தெற்கே அதற்கென்றே குறித்த இடம் உண்டு. பிண்டம் பற்றிக் குருக்கள் யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார். உங்கள் வீட்டில் என்ன வழக்கம் என்று எழுதி அனுப்பினால் அதையும் சேர்த்துக்கொள்வோம்.

அடுத்த மாதம் பாட்டிக்குத் திவசம். போன ஞாயிற்றுக்கிழமை பெரியப்பாவுக்குப் போன் போட்டேன். கம்பி வலையில் பார்த்ததைச் சொன்னேன். அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன்.

"அப்போ இந்த வருஷம் எங்கடா விடுறது?"

"விட வேண்டாம் பெரியப்பா. பூவை அம்மாவோட துளசிச் சட்டியில போட்டுருவோம்."

"பால்?"

"ஒரு டம்ளர் போதும். மிச்சத்தை நாமளே குடிச்சிரலாம்."

மறுபடி மௌனம். அப்புறம் சிரிக்கிற சத்தம் கேட்டது.

"அவங்க என்னிக்குடா பால் குடிச்சாங்க? உங்க பாட்டிக்குக் கடைசி வரைக்கும் கோப்பி-ஓ தானே!"